பதினொரு விநாடி

குளச்சல் ஐஸ் பிளான்ட்டின் பின்பக்கம்,
மத்தி நாற்றத்துக்கும் அம்மோனியாவுக்கும் நடுவே
வருஷத்துக்கு ஒருமுறை கூடுகிறோம்.
ஆறு பேர். முன்பு இருபது.

செறாபினின் கிட்டாரில் நாலாவது கம்பி
தூண்டில் நரம்பு என்கிறான் ரெக்சன்.
"போலே, சிங்கப்பூர் கம்பியாக்கும்."
குடிச்சே செத்தான் என்கிறான் ஒருத்தன்.
குடிக்காத அன்று அவன் வாசிச்சதை
நீ கேட்டதில்லை என்கிறான் டார்வின்.
கூட்டத்துக்கு முதுகைக் காட்டி வாசிப்பானே,
அது கர்வமா, கூச்சமா?
போன வருஷம் இதில் ஒரு பல் போனது.

பிறகு கேசட்.
எண்பத்தொன்பது, திருவிழாப் பத்தாம் நாள்.
தனியே உச்சிக்கு ஏறிய கிட்டார்
சட்டென்று நிற்கும்.
பதினொரு விநாடி.
கடல், ஒரு இருமல்,
யாரோ பிள்ளையை அதட்டுவது.
அப்புறம் விட்ட இடத்திலிருந்து இல்லை,
வேறெங்கிருந்தோ எடுப்பான்.

"அந்த நிறுத்தம் இருக்கே, மக்கா,
எவனுக்கும் வராது."
இதில் மட்டும் ஐந்து பேருக்கும் சண்டையில்லை.
டார்வின் கண்ணைத் துடைக்கிறான்.

மேடைக்குப் பின்னால் ஒயர்களுக்குக் காவல் நான்.
கடலை வாங்கித் திரும்பும்போது கால் தட்டி
ஆம்ப் பிளக் பிடுங்கிக்கொண்டது.
மண்ணில் தவழ்ந்து தேடுகிறேன்.
நிமிர்ந்தால்
ஓசையில்லாத கம்பிகளில்
அவன் விரல்கள் ஓடிக்கொண்டேயிருந்தன.
என்னைப் பார்த்தான். நிறுத்தவில்லை.

சொல்லிவிடலாம் என்றுதான் வருஷாவருஷம் வருகிறேன்.
ரெக்சன் பென்சிலைச் செருகி நாடாவைச் சுற்றுகிறான்.
"இன்னொரு மட்டம் போடுலே" என்கிறேன்.