வருகைப் பதிவேடு

குறிச்சி சிட்கோவில் ஒன்பது கேட் ஏறி இறங்கினேன்.
எல்லாவற்றிலும் அதே நீளப் பதிவேடு:
பெயர், வண்டி எண், யாரைப் பார்க்க, எதற்கு.
வண்டி எண் கட்டத்தில்
நான் வந்த டவுன் பஸ்ஸின் எண்ணை எழுதினேன்.

"எச்.ஆர். லீவுங்க."
"பசங்கன்னா சொல்லுங்க,
இங்க லேடீஸ் பாத்ரூம் இல்லீங்க."
ஓரிடத்தில் ரெஸ்யூமை வாங்கி
அதன் மேலேயே டீ டம்ளரை வைத்தார்கள்.
விழுந்த வட்டத்தின் விட்டம்
கண்ணளவில் ஆறு சென்டிமீட்டர்.

ஒன்பதாவது, பம்ப் வார்க்கும் ஃபவுண்டரி.
சென்னியப்பன் போனிலிருந்து நிமிரவில்லை.
"சர்ட்டிபிகேட்டுதானுங்களே?
ரெண்டாயிரம் குடுத்துட்டுப் போங்க,
முப்பது நாள் வந்ததாப் போட்டுக்கலாம்.
போன வாரம் உங்க காலேஜுலயே
நாலு பேர் வாங்கிட்டுப் போனாங்க."

நாலில் ஒருத்தி பர்வீன். தெரியும்.
என் பையிலும் பணம் இருந்தது,
பரீட்சைக்குக் கட்ட வேண்டியது.

"வந்துட்டே போறனுங்க" என்றேன்.
அவருக்குக் குழப்பம்.
சும்மா வருகிறவளை எங்கே உட்கார வைப்பது?

இம்பெல்லர் எண்ணச் சொன்னார்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
சீட்டில் இருநூற்று இருபது.
சொன்னேன்.
யாரும் ஒன்றும் பேசவில்லை.
மறுநாளும் என்னையே எண்ணச் சொன்னார்கள்.

பாத்ரூமுக்கு எதிர்ச்சாரி பெட்ரோல் பங்க்,
லாரிகளுக்கு நடுவே ஓடிப் போய் வர வேண்டும்.

பதினோராம் நாள்
செக்யூரிட்டி பதிவேட்டை நீட்டவில்லை.
அன்றிரவு மூக்கைச் சிந்தினேன்,
கைக்குட்டையில் கறுப்பு மண்.

ரெக்கார்டு நோட்டில்
அதற்குத் தலைப்பு இல்லை.