தாயம் விதி

டயர் கடை ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கங்களில்
மலை வரைந்துகொண்டிருக்கிறேன்.
சாட்ஸ்வர்த்தில் மழை. ஹிகின்சன் நெடுஞ்சாலையில்
லாரிகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகின்றன.
எட்டு மணிக்கு மின்சாரம் நிற்கும் என்றார்கள்,
ஏழு ஐம்பதுக்கே போய்விட்டது.

முதல் பருவம் முடிந்து மூன்று மாதம்.
நாங்கள் ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்த கராஜ் மேசையில்
இப்போது பெயிண்ட் டப்பாக்கள்.
அடுத்தது எப்போது, அடுத்தது எப்போது என்று
திருஷென் வாரம் இரண்டு முறை கேட்கிறான்,
ஏதோ அடுப்பில் தம் போட்டு வைத்திருப்பதுபோல.

இதுவரை முடிவானவை:
உப்பு நகரம் எரிந்தது எரிந்ததுதான்.
அரசிக்கு வாரிசு இல்லை, பூனை மட்டும்.
லுங்கேலோவின் மந்திரவாதிக்கு ஒரு கை போயிற்று,
புதுக் கை தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறான்:
"இல்லாத கையை வைத்து ஏதாவது செய்."
கிரீசனுக்கு டிராகன் வேண்டும்.
போன முறையும் டிராகன்தான் கேட்டான்,
நான் கொடுத்தது வரி அதிகாரியை.
இந்த முறை டிராகனே வரி வசூலிக்க வரும்,
பாக்கி வைத்தவர்கள் பட்டியலோடு.

பிரெனோலாவின் பெயர் வந்ததும் பேனா நிற்கிறது.

பெர்த்துக்குப் போய்விட்டாள்.
புருஷன், இரண்டு பிள்ளைகள்,
கிரைண்டருக்குக்கூட இடம் ஒதுக்கிய பெட்டிகள்.
அவள் ஆடிய திருடி, பெயர் காக்கைப்பொன்,
கடைசி இரவில் ஒரு கதவின் முன்னால் நின்றாள்.
பூட்டைத் திறக்கப் பகடையை உருட்டினாள்.
ஒன்று.
இருபது முகத்தில் ஆகக் கேவலமான முகம்.
என்ன ஆயிற்று என்று நான் வாய் திறப்பதற்குள்
வெளியே அவள் தம்பி ஹாரன் அடித்தான்.
"யோசித்து வை" என்று ஓடினாள்,
கொண்டுவந்த கிண்ணத்தை மறந்து.

மூன்று மாதமாக ஒருத்தி கதவின் முன்னால் நிற்கிறாள்.

கொல்வது சுலபம். பூட்டில் விஷ ஊசி, ஒரே வரி.
எழுதினேன். அடித்தேன்.
துரோகியாக்கினால் கதைக்கு நல்லது.
ஆனால் ஊரைவிட்டுப் போனவர்களைத் துரோகி என்பது
இங்கே தெருவுக்குத் தெரு இலவசமாகக் கிடைக்கிற பேச்சு,
என் பங்குக்கு வேண்டாம்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பகடைகளை எண்ணுகிறேன்.
ஏழில் ஆறு.
பச்சையை மார்ச் மாதம் குரங்கு தூக்கிக்கொண்டு போனது.
மாமரத்தில் உட்கார்ந்து கடித்துப் பார்த்து
பக்கத்து வீட்டுக் கூரையில் எறிந்தது.
என்ன விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

அப்போதுதான் தட்டியது.
தாயக்கட்டத்தில் இந்த ஒன்றுக்குத்தானே தவம் கிடப்பார்கள்?
பன்னிரண்டு போட்டவனும் காயைக் கையில் வைத்துக்கொண்டு
வெளியே உட்கார்ந்திருப்பான்.
ஒன்று விழ வேண்டும், உள்ளே இறங்க.

ரசீதைத் திருப்பி, முன்பக்கத்திலேயே,
கார்பன் தாள் வைத்து எழுதுகிறேன்:
இரண்டாம் பருவம். விதி ஒன்று.
ஒன்று விழுந்தால் தோல்வியில்லை. தாயம்.
கதவு திறக்கும்.
உள்ளே இருப்பதற்கு மட்டும் நான் பொறுப்பு.

கிரீசன் சண்டைக்கு வருவான்,
பக்க எண் சொல்லிக் கத்துவான். வரட்டும்.
அசல் எனக்கு, நகல் அவனுக்கு.

பெர்த்தில் அதிகாலை இரண்டரை இருக்கும்.
போனில் ஒன்பது சதவீதம்.
"கதவு திறந்துவிட்டது" என்று மட்டும் அனுப்புகிறேன்.
காலையில் பார்ப்பாள் என்று வைத்தால்
உடனே நீலமாகிறது இரட்டைக் கோடு.
"உள்ளே விளக்கு இருக்கிறதா?"

இல்லை.
"இங்கேயும் எல்லாரும் தூங்குகிறார்கள்.
சுவரைத் தடவிக்கொண்டே போகிறேன்.
என்ன போட வேண்டும்?"

உருட்டு, என்கிறேன்.
அனுப்பிய பிறகுதான் நினைவு வருகிறது,
அந்தப் பச்சைப் பகடை அவளுடையது.
கூரையில் நனைந்துகொண்டிருக்கிறது,
ஏதோ ஒரு முகத்தை மழைக்குக் காட்டிக்கொண்டு.

விடிந்ததும் அந்த வீட்டில் ஏணி கேட்க வேண்டும்.