பச்சைக் கோடு

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது இருபத்தெட்டுக்கு
டாக்டர் ஆதவனின் பச்சைக் கோடு
படுத்துவிட்டது.
கூவென்று ஒரே சத்தம்.
அதோடு 'தொடரும்' போட்டுவிட்டான்.

ஞாயிறு முழுக்க மண்டபத்தில்
ஆதவன் செத்தும் சாகாமலும் கிடந்தார்.

திங்கள் காலை நண்டு கம்பெனியில்
தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், கைக்கு உறை,
வெள்ளை ஏப்ரன் கட்டி
இருபத்திரண்டு பேர் மேசையைச் சுற்றி நின்றோம்.
அவிந்த நண்டின் நெஞ்சைப் பிளந்தபடி
"கத்தி" என்று கை நீட்டினாள் கனகவல்லி,
மிருணாளினி டாக்டர் குரலில்.
கொடுத்தேன்.
எடை எழுதுகிறவள் நான்; சிரிக்கக் கூடாது.

கனகவல்லி கட்சி: ஆள் காலி.
வேறு சேனலில் போலீஸ் வேஷத்துக்கு
மீசை வளர்க்கிறானாம் அந்த நடிகன்.
ரெண்டு வாரமாய் எல்லாக் காட்சியிலும் மாஸ்க்,
படுத்தபின்னும் ஆக்சிஜன் மாஸ்க்,
ஏன் என்று நினைத்தீர்கள்?

ஹபீபா கட்சி: விஷம்.
மயக்க மருந்து டாக்டர் சிரிஞ்சைப் பிடித்தது இடது கையில்.
நூற்றுப் பதினாலாம் எபிசோடில்
வலது கையால்தானே கையெழுத்துப் போட்டான்?
எபிசோடு நம்பர் தப்பாது ஹபீபாவுக்கு.
ரேஷன் கார்டு நம்பர் கேட்டால் வீட்டுக்குப் போய்வருவாள்.

நம்புத்தாய்க்கு எந்த நாடகமானாலும் ரெட்டைப் பிள்ளைதான்.
மூன்று வருஷத்தில் ஒருதரம் பலித்தது,
அந்தத் தெம்பு.

ஜெசிந்தா பேசவில்லை.
நீல விளக்கடியில் சதையைப் பரப்பி
ஓட்டுத்துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.
அந்த வெளிச்சத்தில்
சதை மங்கும், ஓடு மட்டும் மின்னும்.

டீ நேரம். ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால்
ஹபீபாவின் போனில் கடைசி நிமிஷத்தை
ஏழு தடவை ஓட்டினோம்.
ஈர விரலுக்குத் திரை மசியவில்லை.
கச்சான் காத்து வேறு
சத்தத்தைத் தூக்கிப் பாலத்துப் பக்கம் போட்டது.
"நிப்பாட்டு" என்றாள் ஜெசிந்தா.
"கையைப் பெருசாக்கு."
கை கட்டங்கட்டமாய் உடைந்தது.
"விரல்ல கிளிப் இல்ல பாரு.
வயரு கழண்டிருக்கு, அவ்வளவுதான்.
ஆளுக்கு ஒண்ணுமில்ல."

"உனக்கெப்படிக்கா தெரியும்?"

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
பதினோரு ராத்திரி இருந்தாளாம், சவரிமுத்து அண்ணனோடு.
நாலாம் ராத்திரி கோடு படுத்துக் கூவ,
இவள் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து நின்றதாம்.
நர்ஸம்மா கொட்டாவி விட்டபடி வந்து
போர்வைக்குள் கையை விட்டுத் துழாவி
கிளிப்பை எடுத்து விரலில் மாட்டினதும்
கோடு துள்ளியதாம், சாளை மாதிரி.
"என்னைய வைதா பாரு ஒரு வசவு!"
அவளே சொல்லிச் சிரித்தாள்.
நாங்களும் சிரித்தோம்.

சிரிப்பு பாதியில் நின்றபோதுதான்
எனக்குக் கணக்கு வந்தது:
நாலு போக, மிச்சம் ஏழு ராத்திரி.
சவரிமுத்து அண்ணன் படம்
மாலையோடு அவள் வீட்டு டிவிக்கு மேலே இருக்கிறது.
பதினோராம் ராத்திரி கிளிப் எங்கே இருந்தது என்று
ஹபீபாகூடக் கேட்கவில்லை.

டீ ஆறிப்போயிற்று. மணி அடித்தது.
நம்புத்தாய்தான் முதலில் கட்சி மாறினாள்:
"வயருதான். நானும் அப்பவே நெனச்சேன்."
கனகவல்லி மீசையைக் கைவிட்டாள்.
மத்தியானத்துக்குள் மேசை முழுக்க வயர் கட்சி.
நான் பன்னிரண்டரைக் கிலோவை
இருபத்தொன்றரை என்று எழுதி
அடித்துத் திருத்தினேன்.

ராத்திரி ஒன்பதுக்கு
ஆதவனின் அம்மா கோயில் மணியை அடிக்க அடிக்கக்
கோடு எழுந்தது.
வயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

செவ்வாய் காலை
தொப்பியை மாட்டிக்கொண்டே வந்தாள் ஜெசிந்தா.
"கதை எழுதுறவன் ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்ல போல"
என்றாள் கனகவல்லி, யாரையும் பாராமல்.
"மணி அடிக்கும்போது ஓரத்துல
ஒரு நர்ஸு குனிஞ்சாளே, பாத்தீங்களா?"
என்றாள் ஹபீபா.

குனிந்ததாய் எனக்கு ஞாபகமில்லை.
"ஆமா, குனிஞ்சா" என்றேன்,
நோட்டில் தேதி போட்டபடி.