சாயம்

ஊட்டியில் ஜன்னலைச் சாத்தினாலும் பனி உள்ளே வந்துவிடும்.
கல்லூரி ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம், என் மேஜை.
நாலு மைக்ரான் கனத்தில் சீவிய தசை
வெந்நீர்த் தொட்டியில் மிதக்கிறது, பாலாடைபோல.
குரல்வளை, இடது நாண்.
பெயர் முத்திருளன். வயது ஐம்பத்தெட்டு.
தொழில்: தேயிலை நாற்றங்கால்.

முதல் சாயத்திலேயே தெரிந்துவிட்டது.
இருந்தாலும் டாக்டர் பி-53 கேட்டார்.

அது ஒரு புரதம்.
பிழையோடு நகலாகப் போகும் செல்லை
நில் என்று மறிப்பது, திருந்தாவிட்டால் சாகச் சொல்வது.
சொல்லிவிட்டுத் தானும் கரைந்துபோகும்.
நல்ல செல்லில் அதைக் காண்பதே அரிது.
கெட்டுப்போனால்தான் கரையாமல்
உட்கருவில் தேங்கி நிற்கும்,
வேலை மறந்தும் வாசலைவிட்டு நகராத வாட்ச்மேன்.
அந்தத் தேக்கத்தைத்தான் என் சாயம் பிடிக்கிறது.
பழுப்பு. கடுந்தேநீரின் அச்சுப் பழுப்பு.
இந்த வேலைக்கு வந்ததிலிருந்து
பால் ஊற்றாத டீ நான் குடிப்பதில்லை.

புதன்கிழமை அவரே வந்தார் ரிசல்ட்டுக்கு.
சரளையில் சைக்கிள் உருட்டுகிற குரல்.
"கண்ணால பாக்கலாமா?"
விதியில் இடமில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

கம்பளித் தொப்பியை மேலே தள்ளி,
ஒற்றைக் கண்ணை மூடி, வெகுநேரம் குனிந்திருந்தார்.
முப்பது வருஷமாய்த் தாய்ச்செடியில்
ஓர் இலை, ஒரு கணு என்று நறுக்கிப்
பைமண்ணில் ஊன்றிய ஆள்.
கட்டபெட்டுச் சரிவு முழுக்க அவர் நட்ட நகல்கள்,
ஒன்றுக்கொன்று மயிரளவும் மாறாதவை.

"ஒண்ணுபோல ஒண்ணு இல்லையேம்மா.
இது குண்டு. இது சூம்பல். இதுக்கு ரெண்டு கண்ணு.
எங்க நர்சரியில இப்படி வந்தா
பாத்தியையே அழிச்சிருவோம்."

தெரிந்ததைச் சொன்னேன்.
ஒவ்வொரு நகலிலும் ஏதோ ஒன்று விடுபடும்,
ஒன்பதாம் குரோமோசோம் ஒரு கையை இழக்கும்,
பதினொன்றாவதில் ஒரு துண்டு
கேட்பாரில்லாமல் பெருகும்,
பிறகு பிழை பிழையைப் பெறும்.
"பீடியாலயா?"
"பீடியாலயும்."
"தாய்ச்செடி எது?"

பதில் தெரியும். வாய் வரவில்லை.
அவரே தொண்டையைத் தொட்டுப் பார்த்தார்,
இரண்டு விரலால், மண்ணில் ஈரம் பார்ப்பதுபோல.

"கவாத்து எப்ப?"
"செவ்வாக்கிழமை. கோயம்புத்தூர்ல."
"அடிக்கவாத்தா?"
தலையாட்டினேன்.
"வெட்டின செடி மூணு மாசம் செத்தாப்லதான் நிக்கும்" என்றார்,
எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.
மிச்சம் விட்ட கணுவில் எது துளிர்க்கும் என்பதை
நான் பேசவில்லை.

அஞ்சரை பஸ்ஸுக்கு எழுந்தவர்
கதவருகே திரும்பினார்.
"அந்தக் கண்ணாடியில இனிஷியலும் போட்ருங்க.
எங்க லைன்ல இன்னொரு முத்திருளன் இருக்கான்.
சின்னப் பையன்."

வைரமுனைப் பேனாவால் கீறினேன்:
கா.