முன்சீற்றின் கீழே ஈரம்

ஆரையம்பதி தாண்டி, தாளங்குடா தாண்டி
கிரான்குளத்தில் முள் ஏறத் தொடங்கும்.
களுவாஞ்சிகுடியில் முதல் மணி அடிக்க
நான் பொனற்றைத் திறந்து, சூடு ஆறட்டும் என்று நிற்பேன்,
கையில் ஒன்றரை லீற்றர் போத்தலோடு.
குடித்தது எங்கே போனது?
இரவில் காருக்கடியில் மட்டை விரித்தேன்.
விடிய, மட்டை காய்ந்து கிடந்தது.

சனிக்கிழமை, காத்தான்குடி.
"காலையில வெள்ளைப் புகை வருதா மிஸ்?"
இல்லை.
இஹ்திஷாம் எண்ணெய்க் கம்பியை இழுத்து, துடைத்து,
திரும்ப விட்டு இழுத்தான்.
பால்தேத்தண்ணி நிறம் இல்லை. கறுப்பு.
"ஹெட் தப்பிச்சு."

ஆறிய எஞ்சினில் கைப்பம்பைப் பூட்டி
பதின்மூன்று றாத்தல் ஏற்றினான்.
இரண்டு பேரும் முள்ளையே பார்த்து நின்றோம்.
லொறி ஒன்று போனது. லுஹருக்குப் பாங்கு சொன்னது.
பன்னிரண்டு.
பதினொன்றரை.
டோச் அடித்துக் கீழே படுத்தான்:
ஹோஸ், வோட்டர் பம், றேடியேற்றரின் அடி,
எங்கும் ஒரு சொட்டில்லை.

படுத்தபடியே கேட்டான்,
"உள்ளுக்க காப்பெற் ஈரமா?"

ஈரம்தான். மூன்று கிழமையாக,
இடப்பக்கம், மகன் இருக்கிற பக்கம்.
போத்தலை ஒழுங்காக மூடத் தெரியாதா என்று
ஏசி ஏசி
போத்தலையே பறித்து வைத்திருந்தேன்.
"நான் ஊத்தல்ல" என்றான், முதல் நாள்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

இஹ்திஷாம் விரலால் தொட்டு உரசினான். வழுக்கியது.
"ஏசித் தண்ணி மணக்காது மிஸ்.
இது இனிப்பு மணம்."
கண்ணாடியில் நான் தினமும் துடைத்த பசையும்
இதுதானாம்.

ஹீற்றர்.
டாஷ்போட்டுக்குள் கைப்பிடியளவு றேடியேற்றர்,
யப்பானில் பனிக்காலத்தில்
யாரோ கால் காய்ந்தது.
அந்தச் சிவப்புக் குமிழை
மட்டக்களப்பில் யார் திருப்பினார்கள்?
திருப்பாவிட்டாலும் சுடுதண்ணி
பதினெட்டு வருசமாக அதற்குள் போய் வந்திருக்கிறது.

அரையடி ஹோஸ், இரண்டு கிளிப்.
தண்ணியின் வழியிலிருந்து அதைக் கழற்றிவிட்டான்.
மறுபடி பதின்மூன்று.
முள் அசையவில்லை.
இரண்டாயிரம் ரூபாய், மிச்சத்துக்கு ஒரு கொத்துச் சில்லறை.

ரியூசன் முடிந்து மகன் ஏறினான்,
பழக்கத்தில் சப்பாத்து இரண்டையும் உயர்த்திப் பிடித்தபடி.
"கீழ வை, ஈரமில்ல" என்றேன்.
காப்பெற் இல்லாத வெறுந்தகரத்தைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
கல்லடிப் பாலம் மட்டும்
ஒரு வசனத்தைத் தேடிக்கொண்டு ஓட்டினேன்.
முள் நடுவில் நின்றது.
பாலத்தின் பாதியில்தான் அவன்
ஒரு காலைக் கீழே வைத்தான்.