நான்கு காலங்கள்

ஜெலுத்தோங் சாலையில் டயர்க் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி. நீரிழிவு மருந்தகத்தின் கணக்கு.
அறுநூற்று நாற்பது பேர், ஆளுக்கொரு வரிசை,
வரிசைக்கு நான்கு காலம்.

நெடுவரிசை என்று பாடநூலில் படித்ததுண்டு.
வேலைக்கு வந்தபின் யார் வாயிலும் கேட்டதில்லை.
ஆங்கிலச் சொல்லை நாக்கு உருட்டிக்
காலம் என்கிறது.
யாருக்கும் உறுத்துவதில்லை.

ரத்தம் சோதித்த நாள்.
மருந்து வாங்கிய நாள்.
தொலைபேசியில் பேசிய நாள்.
தொண்டர் வீட்டுக்குப் போன நாள்.
நான்கில் எது பிந்தியது?
நூர்லைலா கேட்டது அவ்வளவுதான், வெள்ளிக்குள்.

முதல் ஓட்டத்தில் முக்கால்வாசி வெறுமை.
ஒரு கட்டம் காலியென்றால்
மற்ற மூன்றையும் விழுங்கி ஏப்பம் விட்டது நிரல்.
தெரியாததோடு ஒப்பிட்டால்
தெரிந்ததும் தெரியாததாகிவிடுமாம்.
தர்க்கம் சரிதான். ஆனால்
செவ்வாயன்று மருந்துப் பையோடு படியிறங்கிய திருமதி ஊய்,
அவர் வீட்டுக்கு நாங்கள் போகவில்லை என்பதற்காக
இல்லாமல் போய்விடுவாரா?

முன்பு இங்கிருந்த பையன்
காலிக் கட்டங்களில் எல்லாம்
1900 ஜனவரி ஒன்று என்று இட்டு வைத்திருந்தான்,
கணினி அழாமலிருக்க வாயில் திணித்த சூப்பானாக.
அதனால் பிறப்பதற்கு முன்பே
இன்சுலின் வாங்கியவர்கள் எங்களிடம் நூற்றுப் பதினோரு பேர்.
துடைக்க ஒரு நாள் போயிற்று.
காலியை மறுபடி காலியாக்குவதும்
சம்பளம் வாங்கும் வேலைதான்.

03/04 என்பது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா?
எழுதிய தாதியிடமே கேட்டேன்.
"மழை நாள், அது மட்டும் ஞாபகம்" என்றார்.

ஒருவருக்கு வரும் வியாழன் என்று விடை வந்தது.
இன்னும் விடியாத நாளில் எப்படிக் கண்டோம்?
அடுத்த முறை வரவேண்டிய தேதியை
யாரோ இடம் மாற்றிக் குத்தியிருக்கிறார்கள்.
இன்றைக்கு மேற்பட்டதை விலக்கு என்று ஒரு வரி சேர்த்தேன்.
எங்கள் நான்கு காலத்தில்
எதிர்காலம் கிடையாது.

அப்புறம் எளிது.
வெற்றிடத்தைத் தாண்டு, மிஞ்சியதில் பெரியதை எடு.
ஒரு கோப்பி ஓ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

புதிய காலத்துக்குத் தலைப்பு வேண்டுமே.
கடைசி நாள் என்று தட்டினேன்.
தட்டிய விரல் அங்கேயே நின்றது.
அறுநூற்று நாற்பது பேருக்கும் கடைசி நாள் குறிக்க
நான் யார்?
அழித்துவிட்டு அண்மை நாள் என்றேன்.

வரிசை 217.
வடமலை, தந்தை பெயர் அங்கமுத்து, சுங்கை டுவா.
நான்கும் காலி.
தாண்டித் தாண்டிப் போன நிரல்
கடைசியில் வெறுங்கையோடு நின்றது.
குற்றம் சொல்ல முடியாது.

"தூக்கிவிடு, பழைய பதிவாக இருக்கும்" என்றாள் நூர்லைலா.
எண் ஒன்று இருந்தது. அழைத்தேன்.
ஏழாவது மணியில் ஒரு சிறுமி:
"தாத்தா கோழித்தீனி வாங்கப் போச்சு,
போனை வெச்சிட்டுப் போச்சு. நீங்க யாரு?"
அவள் பின்னால் ஒரு சேவல் கூவியது,
பகல் பதினொன்றரைக்கு.

யாரென்று சொல்ல?
உங்கள் தாத்தாவைத் தேதியாக்கத் தேடுபவள் என்றா?
மருந்தகம் என்றேன்.
"சீனி வியாதியா? தாத்தா இப்ப கோப்பியில சீனி போடறதில்ல.
பாலுதான் நெறைய."

மூன்றாம் காலம், பேசிய நாள்.
பேசியது அவரல்ல. விதிப்படி சேராது.
கீழே டயர்க் கடையின் காற்றுத் துப்பாக்கி
நான்கு முறை கீச்சிட்டு ஓய்ந்தது.

கட்டத்தைத் தொடவில்லை.
நிரலின் ஓரத்தில், கணினி படிக்காத இடத்தில்,
குறிப்பு ஒன்று எழுதினேன்:
217, ஆள் வெளியே போயிருக்கிறார்.

நூர்லைலா எட்டிப் பார்த்தாள்.
"இது தேதி இல்லையே."
"இல்லை" என்றேன்.
இரண்டு மணிக்கு மேல் கூப்பிடவும்
என்றும் சேர்த்துக்கொண்டேன்.