இரண்டடி

பெரம்பூர்ப் பட்டறைக் கிணற்றில்
இருபத்துநாலடி ஆழத்துத் தண்ணீரை
ஏற்றிக் காட்டிய பிறகுதான்
இந்த நெருப்பணைக்கும் எஞ்சினை ரயிலில் ஏற்றினார்கள்.
கூடவே என்னையும்.

மத்திகிரிக் குதிரைப் பண்ணையில்
கிணறு அதே இருபத்துநாலடி.
கொதிகலனில் நூறு ராத்தல் அழுத்தம்.
பிஸ்டன் போகிறது, வருகிறது,
போகிறது, வருகிறது,
குழாயின் வாயில் ஒரு கொட்டாவி.
ஒரு தவளை நனையவும் காணாது.

துரை கடிகாரத்தைப் பார்த்தார்.
குதிரைக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள்.

வால்வுதான் என்றேன்.
தோல் வால்வைக் கழற்றி ரப்பர் போட்டேன்.
ரப்பரைக் கழற்றி, எருமைத் தோலை
விளக்கெண்ணெயில் மூன்று நாள் ஊறப்போட்டு
மறுபடி தோலே போட்டேன்.
தண்ணீர் விக்கி விக்கிப் பீய்ச்சாமலிருக்க
செம்புக் காற்றுக்கலத்தை
ஒரு சாண் உயரமாக்கி அடித்தேன்.
விக்குவதற்கு முதலில் தண்ணீர் வேண்டுமே.
உறிஞ்சுகுழாயின் இணைப்பு ஒவ்வொன்றிலும்
மெழுகுவர்த்தியைக் காட்டினேன்:
சுடர் எங்கே உள்ளே சாய்கிறதோ
அங்கே ஓட்டை.
எங்கும் சாயவில்லை.
வர்த்தி தீர்ந்து திம்மராயனின் விரல்தான் சுட்டது.

பட்லர் சூசைநாதன் மெட்ராஸ்காரர்.
இருபத்தோராம் நாள் ராத்திரி
குழம்பை ஊற்றிக்கொண்டே புலம்பினார்:
‘இந்த ஊர்ப் பருப்புக்கு நெஞ்சழுத்தம் ஃபிட்டர்.
அங்கே அரை மணியில் மசியும்.
இங்கே சீக்கிரமாகக் கொதித்துவிட்டு
ஒரு மணி ஆகியும் பல்லில் நிற்கிறது.’

பிசைந்த கை நின்றது.

பருப்பில் குற்றமில்லை, சூசைநாதரே.
மூவாயிரம் அடி மேலே வந்திருக்கிறோம்.
தலைக்கு மேல் காற்று அவ்வளவுக்குக் குறைச்சல்.

பம்பு எங்கே தண்ணீரை இழுக்கிறது?
குழாய்க்குள் கொஞ்சம் வெறுமை செய்து வைக்கிறது,
அவ்வளவுதான் அதன் வேலை.
கிணற்றின் முகத்தை அமுக்கி
தண்ணீரை மேலே அனுப்புவது வெளியே நிற்கும் காற்று.
மெட்ராஸில் அதற்குத் தடித்த கை.
இங்கே மெலிந்த கை.
இருபத்திரண்டடி தள்ளும்,
அப்புறம் விட்டுவிடும்.

இரண்டடிக்காக
மூன்று வாரம் ஒரு வால்வைத் திட்டியிருக்கிறேன்.

‘இப்போது எதை மாற்றப் போகிறாய்?’ துரை கேட்டார்.
‘தரையை’ என்றேன்.

கிணற்றோரம் மூன்றடிப் பள்ளம்,
சக்கரம் இறங்கச் சரிவு.
பாப்பம்மாவும் பதினோரு பேரும் இரண்டு நாள் வெட்டினார்கள்.
இரண்டே காலடியில் பாறை.
கடப்பாரை வளைந்தது, பாறை வளையவில்லை.
‘கூலி மண்ணுக்குப் பேசினது’ என்று
கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள் பாப்பம்மா.
சரி, கால் அடி உபரி.
பங்குனியில் கிணறு இன்னும் ஒரு சாண் இறங்கும்;
அதை நான் துரையிடம் சொல்லவில்லை.

மாசிக் கடைசியில், நடுச்சாமம்,
வைக்கோல் போர் பிடித்துக்கொண்டது.
ஏழு போர்கள், வரிசையாக.
லாயத்தில் குதிரைகள் பலகையை உதைக்க
அடுப்பில் விறகைத் திணித்தேன்.
ஆவி எழப் பதினொரு நிமிஷம்.
அதற்குள் இரண்டு போர் சாம்பல்.

வால்வைத் திறந்தேன்.
உறிஞ்சுகுழாய் மலைப்பாம்பைப் போல் ஒருமுறை நெளிந்து
கனத்தது.
முதலில் துரு, பிறகு சேறு,
பிறகு ஒரே சீராக, விக்கலில்லாமல்,
லாயத்துக் கூரை உயரத்துக்குத் தண்ணீர்.

மூன்றாவது போரில் பாதி கருகியது.
மற்ற நாலும் நின்றன.
விடிவதற்குக் கொஞ்சம் முன்
கிணறு ஒரு சாண் இறங்கியது;
பம்பு பழையபடி கொட்டாவி விட்டது.
நல்ல வேளை, எல்லாம் புகையாகியிருந்தது அப்போது.

துரை மேலிடத்துக்கு எழுதினார்:
‘வால்வுகள் செப்பனிடப்பட்டன. எஞ்சின் திருப்தி.’

நான் சேலத்துக்கு எழுதியிருக்கிறேன்,
பாறைக்கு வெடிமருந்து கேட்டு.
பாப்பம்மாவிடம் கல்லுக்கு வேறு கூலி பேசியாகிவிட்டது.
முக்கால் அடி பாக்கி.